நேம்பிளேட்டில் இல்லாத பொவேரி

நம் கல்லூரி மெஷின்ஸ் லேபில், கடைசி வரிசையில் ஜன்னல் ஓரமாக ஒரு பழைய மோட்டார்-ஜெனரேட்டர் செட் உண்டு. மின்னியல் படித்த யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள். பச்சைப் பெயின்ட் உரிந்து, ஸ்டார்ட் பண்ணினால் கட்டடமே உறுமுகிற மாதிரி சத்தம் போடும். அதன் நேம்பிளேட்டில் பிரவுன் பொவேரி என்று பொறித்திருக்கும். ரெக்கார்டு நோட்டில் வோல்ட், ஆம்பியர், ஆர்.பி.எம். எழுதும்போது அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுவோம். 2006 முதல் 2010 வரை படித்த எங்கள் செட்டில் அறுபது பேர். யார் இந்த பிரவுன், யார் இந்த பொவேரி என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. வைவாவில் அதற்கு மார்க் கிடையாதே!

அந்தப் பெயரை மறுபடியும் நான் பார்த்தது 2017ல், ஒரு மருத்துவமனையின் வராந்தா பெஞ்சில். அப்பாவுக்குச் சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தன. பிறகு எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா, சுருக்கமாக சி.எம்.எல்., என்றார்கள். ரத்தப் புற்றுநோய் வகைகளில் ஒன்று. அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்பதுதான். டாக்டரம்மா பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அப்பாவுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து இந்த நோயின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த வரலாற்றைத் திறந்தாலும் ஆரம்பத்திலேயே 1914 என்ற வருடமும் பொவேரி என்ற பெயரும் வந்தன.

நம்ம மெஷின்ஸ் லேப் பொவேரியா? இல்லை. அவருடைய அண்ணன்.

தம்பி வால்டர் பொவேரி 1865ல் பிறந்தவர். சார்லஸ் பிரவுன் என்ற என்ஜினீயருடன் சேர்ந்து 1891ல் சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் கம்பெனி தொடங்கினார். அது 1988ல் ஸ்வீடனின் ஆசியா கம்பெனியுடன் இணைந்து ஏ.பி.பி. ஆனது. நம் முன்னாள் மாணவர்களில் சிலர் அங்கே சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். அவரைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். மலர்க்குழு நண்பர்கள் துறை சம்பந்தமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஸ்மார்ட் கிரிட் பற்றி எழுத இங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் அண்ணன் பொவேரியைப் பற்றி எழுதுகிறேன். துறை மாறிவிட்டதே என்று சீனியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தியோடோர் பொவேரி 1862 அக்டோபர் 12 அன்று ஜெர்மனியில், பவேரியாவைச் சேர்ந்த பாம்பெர்க் ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். நான்கு பையன்களில் இவர் இரண்டாவது. பியானோ வாசிப்பார், படம் வரைவார். 1881ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது எடுத்த பாடம் வரலாறும் தத்துவமும். சீக்கிரமே அதை விட்டுவிட்டு உடற்கூறியலுக்குத் தாவிவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகளை இலவசமாகத் தங்க வைத்துப் படிக்க வைக்கும் மாக்ஸிமிலியானேயம் என்ற அரச அறக்கட்டளை விடுதியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1885ல் நரம்பிழைகளைப் பற்றி ஆய்வு எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் ஓர் உதவித்தொகை கிடைக்க, ரிச்சர்ட் ஹெர்ட்விக் என்ற பேராசிரியரிடம் போய், மைக்ராஸ்கோப்பில் முட்டைகளைப் பார்க்க உட்கார்ந்தார். ஆயுள் முழுக்கப் பார்த்தார் என்றே சொல்லிவிடலாம்.

முதலில் பார்த்தது குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டையை. ஏன் இந்தப் புழு? மனிதச் செல்லுக்குள் 46 குரோமோசோம்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அந்தக் காலத்து லென்ஸில் எண்ணக்கூட முடியாது. இந்தப் புழுவின் ஒரு வகையில் கருவுற்ற முட்டைக்குள் இருப்பவை இரண்டே இரண்டு, இன்னொரு வகையில் நான்கு. அவையும் பெரிது பெரிதாக. சர்க்யூட் புரியவில்லை என்றால் இருக்கிறதிலேயே எளிய சர்க்யூட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவோமில்லையா, அதே வேலை.

செல் பிரியும்போது குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும். பிரிந்து முடிந்ததும் கலைந்து மறைந்துபோகும். அடுத்த தடவை பிரியும்போது திரும்பவும் தோன்றும். மறைந்துபோனவைதான் திரும்ப வருகின்றனவா, புதிதாக உருவாகின்றனவா என்பது அன்றைக்குப் பெரிய சண்டை. கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடு உள்ளேயேதான் இருக்கிறது என்று பொவேரி புழு முட்டையில் காட்டினார். குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் இரண்டு மையங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு 1888ல் சென்ட்ரோசோம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இந்த மையங்களைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க் கதை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

1893ல், முப்பது வயதில், வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார். சாகும்வரை அங்கேதான். இரண்டு வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். இருவரும் நல்ல நண்பர்கள். உடம்பு மட்டும் பொவேரியோடு ஒத்துழைக்கவில்லை. இருபதுகளின் கடைசியிலேயே படுத்துவிட்டார்; அதற்குப் பிறகு நல்ல வருடமும் கெட்ட வருடமும் மாறி மாறி வந்தன.

1896ல் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு அமெரிக்காவிலிருந்து மார்செல்லா ஓ'கிரேடி என்ற பெண்மணி ஆராய்ச்சி பண்ண வந்தார். எம்.ஐ.டி.யில் படித்து 1885ல் பட்டம் வாங்கியவர். உயிரியலில் அங்கே பட்டம் பெற்ற முதல் பெண். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லீங்க, பாஸ்டன் எம்.ஐ.டி.) வாஸர் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தவர். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே யோசித்த காலம் அது. வந்த அடுத்த வருடமே இருவருக்கும் கல்யாணம். அதன் பிறகு ஆய்வு மேஜையில் இரண்டு மைக்ராஸ்கோப். 1900ல் பிறந்த மகள் மார்கிரெட் பிற்காலத்தில் ஜெர்மனியின் பேர்பெற்ற பத்திரிகையாளர் ஆனார்.

இனி கடல் முள்ளெலி. எலி இல்லை. பந்து நிறைய ஊசி குத்தி வைத்த மாதிரி கடலடியில் கிடக்கும் பிராணி. இத்தாலியில் நேப்பிள்ஸ் கடற்கரையில் ஒரு விலங்கியல் ஆய்வு நிலையம் உண்டு. 1901-02 குளிர்காலத்தில் பொவேரி தம்பதி அங்கே போய் இந்த முள்ளெலி முட்டைகளோடு மல்லுக்கட்டினார்கள்.

வழக்கமாக ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுதான் நுழையும். விந்தணுக்களை அளவுக்கு மீறிக் கலந்தால் சில முட்டைகளில் இரண்டு நுழைந்துவிடும். அப்போது இழுக்கும் மையங்கள் இரண்டுக்குப் பதில் நான்கு ஆகிவிடும். குரோமோசோம் கணக்கைப் பாருங்கள்: முட்டையுடையது 18, விந்தணுக்கள் இரண்டும் கொண்டுவந்தது 36, ஆக 54. ஒவ்வொன்றும் இரட்டிக்க 108. இதை நான்கு மையங்களும் நாலா பக்கமும் இழுக்கின்றன. ஒரே நேரத்தில் நான்கு செல் பிறக்கிறது. சராசரியாக ஆளுக்கு 27. ஆனால் எந்த 27? அதை யாரும் பங்கு பிரித்துக் கொடுப்பதில்லை. கையில் அகப்பட்டதுதான். ஒரு செல்லுக்கு ஏழாம் நம்பர் மூன்று கிடைக்கும், பதினொன்றாம் நம்பர் ஒன்றுகூடக் கிடைக்காது. இந்த முட்டைகளில் கிட்டத்தட்ட எல்லாமே கோணலாக வளர்ந்து செத்தன.

பொவேரி இதோடு விடவில்லை. அந்த நான்கு செல்களையும், கால்சியம் இல்லாத கடல் நீரில் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துத் தனித்தனியாக வளர்த்தார். ஒழுங்காகக் கருவுற்ற முட்டையில் அப்படிப் பிரித்தால் நான்கும் நான்கு குட்டி உருவங்களாக ஒரே மாதிரி வளரும். இங்கே நான்கும் நான்கு விதமாக வளர்ந்தன. ஒன்று சீக்கிரமே நின்றது, ஒன்று கொஞ்ச தூரம் போனது, ஒன்று விகாரமானது. இன்னொரு தந்திரமும் செய்தார். இரட்டை விந்தணு நுழைந்த முட்டைகளைக் குலுக்கினால் சிலவற்றில் ஒரு மையம் பிரியாமல் நின்றுவிடும். அப்போது நான்குக்குப் பதில் மூன்று செல்லாகப் பிரியும். அதே 108ஐ மூன்று பேர் பங்கு போட்டால் முழு செட் கிடைக்க வாய்ப்பு அதிகமில்லையா? மூன்றாகப் பிரிந்த முட்டைகளில் உருப்படியாக வளர்ந்தவை நிச்சயமாகவே அதிகம். நம்பர் போட்ட உருண்டைகளைக் குலுக்கிப் போட்டு, தற்செயலாகப் பங்கு பிரிந்தால் கணக்கு எப்படி வரும் என்றும் சரிபார்த்தார். அந்தக் காலத்து உயிரியல்காரர்களில் இப்படி யோசித்தவர்கள் ரொம்பக் குறைவு. தம்பிக்கு மட்டும் என்ஜினீயர் மூளை இருந்தது என்று சொல்ல முடியாது.

முடிவு இதுதான். குரோமோசோம்கள் எல்லாம் ஒரே சரக்கு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. எண்ணிக்கை கூடக் குறைய இருப்பதைவிட, முழு செட் இருக்கிறதா என்பதே பிரச்சினை. 1902ல் இதை வெளியிட்டார். அதே சமயத்தில் அமெரிக்காவில் வால்டர் சட்டன் என்ற இளைஞர் வெட்டுக்கிளிச் செல்களைப் பார்த்து, மெண்டல் சொன்ன பரம்பரைக் கூறுகள் குரோமோசோம்களில்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். பிளஸ் டூ உயிரியல் படித்த தம்பி தங்கைகளுக்கு சட்டன்-பொவேரி கோட்பாடு என்றால் ஞாபகம் வரும்.

எனக்கு இது படித்துப் புரிந்ததைவிடப் போட்டுப் பார்த்தபோதுதான் நன்றாகப் புரிந்தது. அப்பா சிகிச்சை ஆரம்பித்த புதிது. வீட்டுக்குள்ளேயே இருந்து இருந்து ரொம்ப எரிச்சலாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை 1 முதல் 18 வரை எழுதிய சீட்டு மூன்று செட் வெட்டி, 54 சீட்டையும் வெண்கலச் சொம்பில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். நோட்டில் நான்கு கட்டம், கட்டம் ஒன்றுக்கு ஒரு செல். ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டாகி, நான்கில் ஏதோ இரண்டு கட்டங்களுக்குப் போகவேண்டும். நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. ஆறு வழி என்றால் லூடோ பகடை ஒன்று போதுமேடா என்று அப்பாவே கண்டுபிடித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். சீட்டை எடுப்பதும் பகடையை உருட்டுவதும் அவர், எழுதுவது நான். முடிவில் முதல் கட்டத்தில் மூன்று நம்பர் இல்லை, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் நான்கு, கடைசிக் கட்டத்தில் இரண்டு. முழு செட் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. அப்பா பேனாவை வாங்கி, ஒரு செல்லுக்குக் குறிப்பிட்ட நம்பர் கிடைக்காமல் போக எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு, ஆகவே பதினெட்டும் கிடைக்க எட்டில் ஏழின் பதினெட்டாவது அடுக்கு என்று போட்டார். நூற்றுக்கு ஒன்பது. மூன்று கட்டமாக இருந்தால் நூற்றுக்கு ஐம்பதுக்குச் சற்று மேல். அன்று சாயங்காலம் வரை, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்ற கேள்வி வரவில்லை.

சரி, இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? 1890லேயே டேவிட் ஹான்ஸெமன் என்ற ஜெர்மானிய டாக்டர், புற்றுக்கட்டிகளில் செல்கள் ஏறுமாறாகப் பிரிவதைப் பார்த்து எழுதியிருந்தார். பொவேரி தன் முள்ளெலி முட்டைகளையும் அதையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். தப்பாகப் பங்கு பிரிந்த செல்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஆனால் எங்காவது ஒன்று, சாகாமல், நில் என்ற கட்டளை மட்டும் கேட்காமல் போனால்? இந்த ஊகத்தை 1902 கட்டுரையிலேயே கோடி காட்டிவிட்டார். டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவரோ விலங்கியல்காரர், கட்டிகளை ஆராய்ந்து பழக்கமில்லாதவர். பன்னிரண்டு வருடம் பொறுத்து, 1914ல் புற்றுக்கட்டிகள் உருவாவதைப் பற்றித் தனியாக ஒரு சின்னப் புத்தகமே போட்டார். எழுபது பக்கம்கூட இல்லை.

புத்தகத்தில் அவர் சொன்னவற்றை இன்றைக்குப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கட்டி என்பது ஒரே ஒரு செல்லின் வம்சம். அந்தச் செல்லில் குரோமோசோம் அமைப்பு கெட்டுப்போயிருக்கும். பிரிவதைத் தூண்டும் கூறுகள் கூடினாலும் ஆபத்து, பிரிவதைத் தடுக்கும் கூறுகள் தொலைந்தாலும் ஆபத்து. கதிர்வீச்சு, ரசாயனம், கிருமி எல்லாம் இந்தக் கெடுதலைத் தூண்டிவிடும் காரணங்களாக இருக்கலாம். ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கொண்ட கார், பிரேக் அறுந்த கார் என்று இன்று மாணவர்களுக்குச் சொல்கிறோமே, அந்த இரண்டுமே அதில் இருக்கிறது. எல்லாமே சரியாகச் சொல்லிவிட்டார் என்று நான் பெருமையடிக்க வரவில்லை. நான்காக இழுபடும் பிரிவுக்கு அவர் கொடுத்த முக்கியத்துவம் அதிகம். முழுக் குரோமோசோம் கூடுவதும் குறைவதுமே அவர் கண்ணில் பெரிதாகப் பட்டது. மரபெழுத்து ஒன்று மாறினாலே போதும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. கையில் ஆதாரம் என்று பார்த்தால் முள்ளெலி முட்டை மட்டும்தான். மனிதனுக்கு எத்தனை குரோமோசோம் என்பதே 1956 வரை சரியாகத் தெரியாது!

இதற்கு நடுவில் பெர்லினில் புதிதாகத் தொடங்கவிருந்த கெய்ஸர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்துக்குத் தலைவராக வரும்படி கூப்பிட்டார்கள். திட்டமெல்லாம் போட்டுக் கொடுத்தார், ஆட்களையும் தேர்ந்தெடுத்தார். அவரிடம் படித்த ஹான்ஸ் ஸ்பீமன், புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை எரிப்பதைப் பற்றிப் பின்னால் பெரிய ஆராய்ச்சி செய்த ஆட்டோ வார்பர்க் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். இருவரும் நோபல் வாங்கினார்கள். பொவேரி 1913ல் உடம்பு முடியவில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார். 1914ல் உலகப் போர். 1915 அக்டோபர் 15 அன்று வூர்ஸ்பர்க்கில் காலமானார். மூன்று நாள் முன்னால்தான் 53 வயது முடிந்திருந்தது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

மார்செல்லா பிறகு அமெரிக்கா திரும்பி, நியூ ஹேவனில் ஆல்பர்ட்டஸ் மேக்னஸ் என்ற பெண்கள் கல்லூரியில் அறிவியல் துறையை உருவாக்கினார். 1929ல் கணவருடைய அந்தச் சிறு புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் இங்கிலீஷ்காரர்கள் படித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

பொவேரி இறந்து 45 வருடம் கழித்து அந்த ஊகத்துக்கு முதல் உறுதியான சாட்சி கிடைத்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் 1960ல் சி.எம்.எல். நோயாளிகளின் ரத்தச் செல்களில் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். ஊர்ப் பெயரே அதற்கும் பெயராகிவிட்டது. அது வெறுமனே குட்டையானது இல்லை, ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் முனைகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று 1973ல் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டிய இடத்தில் இரண்டு ஜீன்கள் வெட்டுப்பட்டுச் சேர்ந்து பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற புதுப் புரதம் பிறக்கிறது. ஏ.பி.எல். சாதாரணமாக ஒரு சுவிட்ச். தேவைப்பட்டால் ஆன், இல்லையென்றால் ஆஃப். ஒட்டுப்போட்ட பிறகு கான்டாக்ட் வெல்டாகிப்போன கான்டாக்டர் மாதிரி ஆனிலேயே நின்றுவிடுகிறது. செல் பிரிந்துகொண்டே இருக்கிறது. அப்பாவின் மஜ்ஜையில் எப்போதோ, ஒரே ஒரு செல்லில், யாரும் பார்க்காமல் நடந்தது இதுதான்.

அந்தப் புரதத்தில் ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறு வந்து உட்காரும் பள்ளம் ஒன்று உண்டு. அதில் போய் அடைத்துக்கொள்ளும் மருந்துதான் இமாட்டினிப். பிரையன் ட்ரக்கர் என்ற டாக்டர் 1998ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல செல், கெட்ட செல் பாராமல் எல்லாவற்றையும் அடிக்கும் கீமோ மாதிரி இல்லாமல், கெட்டுப்போன சுவிட்சை மட்டும் குறிபார்க்கும் மாத்திரை. இதன் பேட்டன்ட் வழக்கில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. நோவார்டிஸ் கம்பெனி 1998ல் மனுப் போட்டது சென்னை பேட்டன்ட் ஆபீஸில். 2006ல் அது தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் இல்லை என்றுவிட்டது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் மருந்து, இந்தியக் கம்பெனிகள் தயாரிப்பில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தது. ஓய்வூதியக்கார வாத்தியார் வீட்டில் இந்த வித்தியாசம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு மாத்திரை நன்றாகவே கேட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். 0.1க்குக் கீழே போனால் நல்லது. 2018 கடைசியில் கீழே போனது. அப்பா கணக்கு நோட்டில் கிராஃப் வரைந்து ஒட்டி வைத்தார். 2022ல் அந்தக் கோடு மேலே திரும்பியது. 0.3. அடுத்தது 1.8.

எல்லா மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். இதை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2020 ஊரடங்கில் மாத்திரை தீர்ந்து கிட்டத்தட்ட மூன்று வாரம் இல்லாமல் போயிற்று. வாங்கி அனுப்புவது என் பொறுப்பு. கையில் ஸ்டாக் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அப்பாவும் என்னைத் தொந்தரவு பண்ண வேண்டாமென்று சொல்லாமலே இருந்துவிட்டார். அதனால்தானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ரிசல்ட் நன்றாகத்தானே இருந்தது என்றார். இல்லை என்றும் அடித்துச் சொல்லவில்லை.

மருந்து ஏன் கேட்காமல் போகிறது என்பதை விளக்கியவர் யார் தெரியுமா? 1960ல் அந்தக் குட்டைக் குரோமோசோமைப் பார்த்த அதே பீட்டர் நோவல். ஒரு செல்லில் தொடங்கும் கட்டி அப்படியே இருப்பதில்லை, பிரியப் பிரியப் புதுப் பிழைகள் சேர்ந்து கிளை கிளையாக மாறிக்கொண்டே போகிறது, சூழ்நிலைக்குத் தாங்கும் கிளை தழைக்கிறது என்று 1976ல் எழுதினார். பொவேரி பார்த்த அதே குருட்டுப் பங்கீடு முதல் நாளோடு நின்றுவிடுவதில்லை, அவ்வளவுதான். வயலில் களைக்கொல்லி அடிப்பவர்களுக்கு இது புதிதில்லை. மருந்து அந்தத் தாங்கும் களையை உண்டாக்குவதில்லை. ஆயிரத்தில் ஒன்றாக முன்பே நின்றிருக்கும். மற்றதெல்லாம் பட்டுப்போனதும் அதற்கு இடம் தாராளம்.

சி.எம்.எல்.லில் இந்தத் தாங்கும் கிளை பெரும்பாலும் அந்த மருந்துப் பள்ளத்தையே மாற்றிக்கொள்கிறது. மிகவும் பேர்போனது டி-315-ஐ. புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின் வந்துவிடும். மரபெழுத்து ஒன்றே ஒன்று மாறியதன் விளைவு. மருந்து பிடித்துக்கொள்ளும் ஒரு பிடிமானம் போய்விடும், புதிதாக வந்தது வழியையும் அடைக்கும். மருந்து சந்தைக்கு வந்த 2001லேயே இதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். டாசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்தடுத்து வந்த மருந்துகள்கூட இதனிடம் எடுபடவில்லை. 2012ல் பொனாட்டினிப் வந்த பிறகுதான் வழி பிறந்தது. அது ரத்தக்குழாய்களுக்கு ஆபத்தான மருந்து; வயதானவர்களுக்குக் கொடுக்க ரொம்ப யோசிப்பார்கள். பள்ளத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் போய் உட்காரும் அசிமினிப் 2021ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அப்பாவின் ரத்தத்தில் என்ன மாற்றம் என்று பார்க்க அனுப்பினோம். ரிப்போர்ட் வர எடுத்துக்கொண்ட நாட்களில் நான் தூங்கவில்லை. எஃப்-359-வி என்று வந்தது. 359ஆம் இடத்தில் ஃபினைல்அலனினுக்குப் பதில் வாலின். 315 இல்லை என்றதும் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இதற்கு நிலோட்டினிப் சரிப்படாது, டாசாட்டினிப் கேட்கும் என்று மாற்றி எழுதினார். வெளியே வந்ததும் அப்பா கேட்டது, 359 பகா எண் என்று கவனித்தாயா என்று.

மாத்திரை மாறிய பிறகு நுரையீரலைச் சுற்றி ஒருமுறை நீர் கோத்து, அளவைக் குறைத்தார்கள். கோடு மறுபடியும் 0.1க்குக் கீழே வந்திருக்கிறது. இப்போது மாத்திரை ஸ்டாக்கை என் போனிலும் தங்கை போனிலும் குறித்து வைத்திருக்கிறோம். அப்பா எங்கள் இருவரையும் நம்பாமல் தன் நோட்டிலும் குறித்துக்கொள்கிறார்.

இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டியபோது, தம்பி பொவேரியின் மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார். துறையில் விசாரித்தேன். மெஷினை ஓட்டுவதில்லையாம், தார்ப்பாய் போட்டு மூடி அதே ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறார்களாம். ரீயூனியன் அன்று காலை பத்து மணிக்கு லேபைத் திறந்து வைக்கிறேன் என்று லேப் அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்பாவும் வருகிறார். நம் செட்காரர்கள் யாராவது ஒரு பழைய துணி கொண்டுவந்தால் நேம்பிளேட்டைத் துடைத்துவிடலாம்.